மெனு போட்டாலே கன்வர்ட் செய்ய வேண்டுமா?

கேள்வி: 2009-ல் திருவந்திபுரத்தில் நடந்த எங்கள் கல்யாணத்தை ஹார்டு டிஸ்க் உள்ள ஹேண்டிகேமில் எடுத்தோம். நான்கு எம்பிஜி கோப்புகள், மொத்தம் ஒன்றரை மணி நேரம். நலங்கு, முகூர்த்தம், ரிசப்ஷன் என்று மெனுவோடு டிவிடி கேட்டால், "மெனு வேணும்னா எல்லாத்தையும் கன்வர்ட் பண்ணித்தான் ஆகணும்" என்று ஸ்டுடியோவில் மணிக்கு இவ்வளவு எனக் காசு கேட்கிறார்கள். நிஜமா?
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இல்லை. மெனு என்பது தனியாக ஒரு சின்னப் படம், சில பட்டன்கள், எதை அழுத்தினால் எங்கே தாவ வேண்டும் என்ற கட்டளைகள். அவ்வளவுதான். உங்கள் கோப்புகளைத் தொடாமலே அதை முன்னால் சேர்க்கலாம். அவை டிவிடி விதிக்குள் இருக்க வேண்டும், அது ஒன்றே நிபந்தனை.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பாருங்கள். வீடியோ எம்பெக்-2, அளவு 720x576, நொடிக்கு 25 ஃபிரேம், பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு டேட்டா ஓடுகிறது என்ற அளவு) 9.8 எம்பிபிஎஸ்ஸுக்குள், ஆடியோ ஏசி-3 அல்லது எம்பி2, 48 கிலோஹெர்ட்ஸ். இப்படி இருந்தால் கன்வர்ட்டுக்கு வேலையே இல்லை. ஆடியோ மட்டும் 44.1 என்று காட்டினால் அதை மட்டும் மாற்றினால் போதும். அகலம் 480 என்று இருந்தால் அது பழைய சூப்பர் விசிடி அளவு. அந்தக் கோப்பை மாற்றித்தான் ஆக வேண்டும்.

பிறகு டிவிடிஸ்டைலர், மெனுவோடு டிவிடி தயாரிக்கும் மென்பொருள். இதுவும் இலவசம். பால் (PAL, நம் ஊர் டிவி முறை) என்று தேர்ந்தெடுத்துப் புது புராஜெக்ட் திறந்து கோப்புகளை இழுத்துப் போட்டு, ஒவ்வொன்றின் பிராப்பர்ட்டீஸிலும் வீடியோ, ஆடியோ இரண்டும் 'காப்பி' என்று இருக்கிறதா எனப் பாருங்கள். ஒன்றில் விட்டுப்போனாலும் மென்பொருள் கேட்காமல் அதை மறுபடி என்கோட் (அதாவது கன்வர்ட்) செய்துவிடும். சில கோப்புகள் 4:3, சில 16:9 என்றால் தனித்தனி டைட்டில்செட்டில் (ஒரே வகை வீடியோக்களின் தொகுப்பு) வையுங்கள். ஒன்றாகப் போட்டால் ஆட்கள் ஒல்லியாகவோ குண்டாகவோ தெரிவார்கள். மெனு பட்டன் தாவிப் போகும் இடத்தைக் காட்டும் சாப்டர் குறி நீங்கள் சொன்ன நொடியிலேயே விழாது. முழுப் படமாகப் பதிவாகும் ஃபிரேம் ஏறக்குறைய அரை நொடிக்கு ஒன்றுதான் வரும், நடுவில் உள்ளவற்றில் மாற்றங்கள் மட்டுமே இருக்கும். அங்கேதான் போய் நிற்கும். தாலி கட்டும் காட்சிக்கு ஒரு நொடி முன்னாலேயே வையுங்கள்.

வெறும் காப்பி என்றால் ஒன்றரை மணிப் படம் சில நிமிடங்களில் முடியும். மணிக்கணக்கில் ஓடினால் எங்கோ என்கோட் நடக்கிறது என்று அர்த்தம். ஸ்டுடியோக்காரரிடமும் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

இடம்தான் அடுத்த சிக்கல். 4.7 ஜிபி டிஸ்க் என்பதை விண்டோஸ் 4.38 என்றுதான் காட்டும். 6 எம்பிபிஎஸ்ஸில் எடுத்திருந்தால் சுமார் 100 நிமிடம் கொள்ளும். 9-ல் எடுத்திருந்தால் உங்கள் படமே 6 ஜிபியைத் தாண்டும். அப்போது சுருக்கச் சொல்லாதீர்கள், இரண்டு டிஸ்க்காகப் பிரியுங்கள். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க்கும் உண்டு, ஆனால் பழைய பிளேயர்கள் சில அதைப் படிக்கத் திணறும். வாங்கும்போது டிவிடி-ஆர் கேளுங்கள், 8எக்ஸ் வேகத்தில் எழுதி, சரியாகப் பதிவாகியிருக்கிறதா என வெரிஃபை செய்யுங்கள். பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டவே வேண்டாம். சுற்றும்போது டிஸ்க் ஆடும்.

கேள்வி: போனில் எடுத்த எம்பி4 வீடியோக்களையும் இப்படியே போடலாமா?
— வாசகி, நெல்லித்தோப்பு, புதுச்சேரி

பதில்: முடியாது. அவை எச்.264 அல்லது எச்.265 என்ற வேறு சுருக்க முறையில் இருக்கும், சாதாரண டிவிடி பிளேயருக்கு அது புரியாது, மாற்றியே ஆக வேண்டும். டிவியில் யுஎஸ்பி இருந்தால் பென்டிரைவில் அப்படியே போடுங்கள், டிஸ்க் செலவே வேண்டாம். பெரியவர்கள் வீட்டில் டிவிடி பிளேயர் மட்டும்தான் என்றால், போனில் உள்ள அசல் கோப்பிலிருந்து ஒரே ஒரு முறை மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்தது ஏற்கெனவே சுருங்கியது. அதைக் கடைக்குக் கொடுக்காதீர்கள்.