கேள்வி நேரம்: பழைய கடைத்தொகுதிகள்

கேள்வி: கொழும்புக் கோட்டையில் ஒல்லாந்தர் கால மருத்துவமனையைக் கடைத்தொகுதியாக மாற்றியிருக்கிறார்கள். கைவிடப்பட்ட பழைய கடைத்தொகுதி ஒன்று அவ்வாறு மீண்டதுண்டா? (வாசகர், வண்ணார்பண்ணை)

பதில்: உண்டு. அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத் தலைநகரான புறொவிடன்ஸில் 1828இல் கட்டப்பட்ட ஆர்கேட், இரண்டு வீதிகளை இணைக்கும் நடைபாதையும், அதன் இருமருங்கிலும் மூன்று தளங்களில் கடைகளும், மேலே கண்ணாடிக் கூரையுமாக அமைந்தது. றசல் வொறன், ஜேம்ஸ் பக்லின் என்னும் இரு கட்டடக் கலைஞர்களும் ஆளுக்கொரு முகப்பை வரைந்ததால், ஒரு வீதியில் முக்கோண முகடும் மறு வீதியில் படிப்படியாக உயரும் மதிலும் தெரியும். எனக்கு முக்கோணமே பிடிக்கும்.

அதன் நோய் மேல்மாடியில் இருந்தது. கீழே கேட்ட பொருள் கிடைக்கும்போது படியேறிப் போக வாடிக்கையாளர் விரும்பாததால், மேல்தளக் கடைகளுக்கு ஆள் பிடிப்பது தொடக்கம் முதலே பெரும்பாடாக இருந்தது. பிற்காலத்தில் வாகனம் நிறுத்த வசதியுள்ள புறநகர்க் கடைத்தொகுதிகளும் போட்டிக்கு வந்தன. 2008இல் மூடப்பட்ட கட்டடம் 2013இல் திறந்தபோது, கீழ்த்தளத்தில் மட்டும் கடைகளை விட்டு, மேலிரு தளங்களையும் 48 சிறு குடியிருப்புகளாக்கியிருந்தார்கள். அவற்றுள் பெரும்பாலானவை ஓர் அறையளவே; அவற்றில் அடுப்புக்கூட இல்லை, மைக்ரோவேவ்தான்; ஆகவே குடியிருப்பவர் பசித்தால் கீழே இறங்கிக் கடைக்குப் போவது இயல்பு. அழகுபடுத்தியதைவிட இந்தக் கணக்கே கட்டடத்தைக் காப்பாற்றியது என்பது என் கருத்து. 2011இல் திறக்கப்பட்ட கொழும்பு மருத்துவமனைக்கு இந்தச் சிக்கலே இல்லை. முற்றங்களைச் சுற்றித் தாழ்ந்த ஓட்டுக் கூரையுடன் அமைந்த கட்டடம் அது.

யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதியிலோ பெரியகடைப் பக்கத்திலோ பழைய மாடிக் கட்டடம் ஒன்றைப் புதுக்க எண்ணுபவர், சுண்ணாம்பும் ஓடும் வாங்குமுன், மேல்மாடிக்கு நாள்தோறும் யார் ஏறுவார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தையற்கூடமோ ரியூசன் வகுப்போ பல்கலைக்கழக மாணவர் தங்குமிடமோ அங்கே வந்தால், கீழ்க்கடைகளுக்கும் வியாபாரம் நடக்கும்.

கேள்வி: இலண்டன் ஆர்கேட் ஒன்றில் சீழ்க்கையடிக்கத் தடையாமே? (வாசகி, கொக்குவில்)

பதில்: மெய்தான். 1819இல் திறக்கப்பட்ட பேர்லிங்டன் ஆர்கேட்டுக்கென்று சீருடைக் காவலர் இருக்கிறார்கள். சீழ்க்கை ஒலித்தால் வந்து நிறுத்தச் சொல்வார்கள்.