கணக்கில் கற்பனை: திருகோணமலை மாணவர்களின் கேள்விகள்

உவர்மலை, தரம் 11: சேர், கேத்திரகணிதத்தில அமைப்புக் கோடு எங்க போடுறதெண்டு எப்பிடித் தெரியும்? விடையைப் பார்த்தா விளங்குது, தானா வருதில்ல.

தம்பி, அமைப்புக் கோடு என்பது நிறுவலுக்காகப் படத்தில் நாங்கள் புதிதாகச் சேர்க்கும் கோடு. அந்தக் கோட்டைத் தேடாதீர்கள். எந்தத் தேற்றம் பொருந்தும், அதற்குப் படத்தில் என்ன குறைகிறது என்று பாருங்கள். நிலாவெளி மணலில் கண்டபடி நாலு குச்சி ஊன்றி, நூலால் நாற்பக்கல் ஒன்று கட்டுங்கள். பக்கங்களின் நடுப்புள்ளிகளை வரிசையாக இணைத்தால் இணைகரம் வரும். நடுப்புள்ளி என்றதும் நடுப்புள்ளித் தேற்றம் ஞாபகம் வரவேண்டும்: முக்கோணியின் இரு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு மூன்றாம் பக்கத்துக்குச் சமாந்தரம், அதன் பாதி. அதற்கு முக்கோணி வேண்டும்; படத்தில் முக்கோணியே இல்லை. அதனால்தான் மூலைவிட்டம். அதை இழுத்தவுடன் இரண்டு முக்கோணிகள். எதிரெதிரான இரண்டு நடுக்கோடுகளும் அந்த மூலைவிட்டத்துக்குச் சமாந்தரம், நீளத்தில் அதன் பாதி. நிறுவல் முடிந்தது. கேள்வியில் இல்லாத ஒன்றைக் காரணத்தோடு கொண்டுவருவதைத்தான் கணிதத்தில் கற்பனை என்கிறேன்.

பரீட்சையில் புள்ளி குறைகிற இடமும் இதுதான். இருசமபக்க முக்கோணியின் உச்சியிலிருந்து அடிக்குச் செங்குத்து வரைந்துவிட்டு, "அது அடியை இருசமகூறிடும்" என்றும் அமைப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். ஒன்றைத்தான் வரையலாம், மற்றதை நிறுவ வேண்டும்.

தம்பலகாமம், ஒரு தாய்: மகள் எட்டாம் ஆண்டு. வீட்டில என்ன குடுக்கலாம்?

செஸ் பலகையில் எதிர்மூலைக் கட்டங்கள் இரண்டை மறையுங்கள், அம்மா. இரண்டு கட்டத்தை மூடும் அட்டைகள் 31 கொடுத்து, மிச்சம் 62 கட்டங்களையும் மூடச் சொல்லுங்கள். முடியாது: ஒவ்வோர் அட்டையும் கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று மூடும், மறைத்தவை இரண்டும் ஒரே நிறம். நிறத்தை எண்ணும்படி மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது பிள்ளைக்குத் தானாகத் தோன்றட்டும்.

கிண்ணியா, தரம் 10: நாலைஞ்சு எண்ணைப் பார்த்தே சூத்திரம் பிடிச்சிடுவன். பிறகேன் நிறுவல்?

வட்டப் பரிதியில் புள்ளிகள் வைத்து, எல்லாவற்றையும் நாண்களால் இணையுங்கள். 1 முதல் 5 புள்ளி வரை துண்டுகள் 1, 2, 4, 8, 16. ஆறுக்கு 32 என்பீர்கள், வருவது 31. (சம இடைவெளியில் வைத்தால் மூன்று நாண்கள் மையத்தில் ஒன்றாய் வெட்டி, 30தான் வரும்.) ஒரு நாண் போட்டால் ஒரு துண்டு கூடும், வட்டத்துக்குள் வெட்டும் ஒவ்வொரு புள்ளிக்கும் இன்னொன்று கூடும். ஆறு புள்ளிகளுக்கு நாண்கள் 15, வெட்டும் புள்ளிகள் 15; முதலில் இருந்த முழு வட்டம் 1. ஆகவே 1 + 15 + 15. ஊகிப்பதை விடாதீர்கள், அடுத்த எண்ணையும் வரைந்து பாருங்கள்.

மூதூர், உயர்தரம்: சிக்கலெண் சும்மா கற்பனைதானே சேர்?

√−1 கலந்த எண்தானே சிக்கலெண்; கற்பனைதான், ஆனால் சும்மா இல்லை. ஓர் எண்ணின் கனம், அதன் 15 மடங்கோடு 4 கூட்டியதற்குச் சமம். விடை 4: 64 = 60 + 4. ஆனால் முப்படிச் சமன்பாட்டுச் சூத்திரமோ 2 + √−121, 2 − √−121 இரண்டின் கனமூலங்களையும் கூட்டச் சொல்லி, √−121 இல் கொண்டுபோய் நிறுத்துகிறது. 1572 இல் இத்தாலியக் கணிதர் பொம்பெல்லி அதைத் தூக்கி எறியாமல் பெருக்கிப் பார்த்தார்: 2 + √−1 இன் கனம் 2 + √−121. ஆகவே முதற் கனமூலம் 2 + √−1, மற்றது 2 − √−1. இரண்டையும் கூட்டினால் 4.