பெல்ட்டை மாற்றியும் சத்தம் போகவில்லை: கோளாறு கிராங்க் புல்லியிலா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். 2014இல் வாங்கிய என் டீசல் காரில் ஏ.சி. போட்டவுடன் முன்பக்கத்தில் கீச்சென்ற சத்தமும் லேசான தட்டல் ஓசையும் கேட்கின்றன. புதிதாகப் போட்ட பெல்ட்டின் ஓரம் சில வாரங்களிலேயே நூல் நூலாகப் பிரிந்துவிட்டது; பேட்டரி விளக்கும் அவ்வப்போது எரிகிறது. எங்கள் ஊருக்கு அருகிலுள்ள சித்தூர் ஒர்க்‌ஷாப்பில் பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். பொள்ளாச்சி மெக்கானிக்கோ கிராங்க் புல்லி போய்விட்டது என்கிறார். யார் சொல்வதை நம்புவது? கோவையில் புல்லி வாங்கி, அதில் குறை இருந்தால், புகாருக்காகத் தமிழ்நாட்டுக்கு அலைய வேண்டுமா?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் பொள்ளாச்சிக்காரர் பக்கமே நியாயம் இருப்பதாகத் தெரிகிறது. ஆனாலும் அதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகு பணத்தை எடுப்பதே நல்லது.

எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் முனையில் இருந்து, ஏ.சி.யையும் ஆல்டர்னேட்டரையும் சுழற்றும் பெல்ட்டை ஓட்டும் சக்கரமே கிராங்க் புல்லி. பெரும்பாலான கார்களில் அது ஒரே வார்ப்பு அன்று. நடுவில் கிராங்க் ஷாஃப்டோடு போல்ட்டால் இறுக்கப்பட்ட பகுதியும், பெல்ட் ஓடும் வெளி வளையமும் இருக்க, இரண்டையும் இணைப்பது இடையிலுள்ள ரப்பர் மட்டுமே. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு வெடிப்பு நிகழும்போது ஷாஃப்ட் நுண்ணிய அளவில் முறுக்கிக்கொண்டு மீள்கிறது. அந்த அதிர்வை அடக்குவது இந்த ரப்பரின் வேலை. வயதாலும் வெப்பத்தாலும் கசியும் எண்ணெயாலும் ரப்பர் இறுகி வெடித்தாலோ ஊறிப் பிரிந்தாலோ, வெளி வளையம் தள்ளாடி, பெல்ட்டைக் கோணலாக இழுத்து அதன் ஓரத்தை அரைக்கிறது. ஏ.சி. போட்டுச் சுமை கூடும்போது உட்பகுதி சுழல, வளையம் வழுக்கிப் பின்தங்குவதால் ஆல்டர்னேட்டருக்குப் போதிய சுழற்சி கிடைப்பதில்லை. பேட்டரி விளக்கு எரிவதைப் பார்த்து, நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றி எறிவது இப்படித்தான் நடக்கிறது.

சோதனை எளிது. எஞ்சினை நிறுத்தி, குளிர்ந்த பிறகு, புல்லியின் நடுப்பகுதியிலிருந்து ரப்பரைக் கடந்து வெளி வளையம் வரை வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரே நேர்கோடு இழுக்கச் சொல்லுங்கள். ஏ.சி.யும் முகப்பு விளக்கும் போட்டுச் சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் புல்லி போய்விட்டது என்பதில் சந்தேகமே வேண்டாம். கோடு விலகாமலேயே வளையம் மட்டும் ஆடுவதும் உண்டு. எஞ்சின் ஓடும்போது டார்ச் ஒளியில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அது தெரியும். அப்போது சேலைத் தலைப்பும் துண்டும் பெல்ட்டின் அருகில் போகக் கூடாது. பெல்ட்டைக் கழற்றியிருக்கும்போது ஆல்டர்னேட்டரையும், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் கையால் சுழற்றிப் பார்த்துவிடலாம். கரகரப்பு இருந்தால் பேரிங் கோளாறும் சேர்ந்திருக்கிறது. மழைக்காலக் காலையில் மட்டும் சில நொடி கீச்சிட்டு நின்றுவிடும் சத்தத்துக்காகப் புல்லியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

வாங்கும்போது காரின் சேசிஸ் எண்ணைக் காட்டி, பாகத்தின் எண்ணை ஒத்துப்பாருங்கள். ஒரே மாடலிலேயே எஞ்சினுக்கு எஞ்சின் புல்லி மாறும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய புல்லி வேண்டாம், அதன் ரப்பருக்கும் உங்கள் ரப்பரின் வயதுதான் இருக்கும். பிரிந்த வளையத்தை லேத்தில் வெல்டு வைத்துத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சத்தம் நிற்கும், ஆனால் அதிர்வு முழுவதும் ஷாஃப்டின் மேல் விழும். புல்லியோடு புது பெல்ட்டும், புல்லியின் பின்னால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலும் வாங்குவது சிக்கனமே. கசியும் சீல் புது ரப்பரையும் கெடுத்துவிடும். போல்ட்டையும் புதிதாக வாங்குங்கள், பல எஞ்சின்களில் அது ஒருமுறை மட்டுமே இறுக்கத் தக்கது. சில எஞ்சின்களில் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைக் காக்கும் டைமிங் பல்சக்கரத்தைப் பிடித்திருப்பதும் இதே போல்ட் என்பதால், எஞ்சினைப் பூட்டி நிறுத்தும் கருவியும், குறித்த அளவு விசையில் போல்ட்டை இறுக்கும் டார்க் ரெஞ்சும் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

புகாருக்காக அலைய வேண்டியதில்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளைக் கோவையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். பில்லில் திருப்பி எடுக்கும் கெடு எழுதப்படாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும், பில்லே தர மறுப்பதும் அச்சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறைகள். எனவே பில் இல்லாவிட்டால் விலை குறையும் என்ற பேரத்துக்குச் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: களியக்காவிளையிலிருந்து எழுதுகிறேன். புல்லி மாற்றிய ஒர்க்‌ஷாப், கழற்றிய பழையதைத் தர மறுக்கிறது. கேட்பது சரியா?

பதில்: சரிதான். பழையதைக் கடைக்கே விட்டுக்கொடுப்பதாக முன்பே பேசி விலையைக் குறைத்திருந்தாலொழிய அது உங்கள் பொருள். வேலை தொடங்கும் முன்பே பழைய பாகம் திருப்பித் தரப்பட வேண்டும் என வேலை விவரச் சீட்டான ஜாப் கார்டில் எழுதி வாங்கிவிடுங்கள். ரப்பர் உண்மையிலேயே பிரிந்திருந்ததா என்பதை அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் அறியலாம்; தகராறு வந்தால் ஆணையத்தின் முன் வைக்கவும் அது உதவும்.