உறைபனிக் காலையில் முதலில் எந்த ஆசனம்?

கேள்வி: கோவையிலிருந்து ஊட்டிக்குக் குடிவந்திருக்கிறோம். வயது 46. காலை ஐந்தரைக்கு எழுந்ததும் கபாலபாதி (வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் பயிற்சி) 100 முறை, பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிறேன். முடித்து உட்கார்ந்ததுமே நடுக்கம் எடுக்கிறது. குனிந்தால் இடுப்பு பிடிக்கிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: வரிசையை மாற்றுங்கள், பாதி சரியாகிவிடும். உடம்பைச் சூடாக்குவது தொடை, பிட்டம் போன்ற பெரிய தசைகளின் வேலைதான். கபாலபாதியை வேகமாகச் செய்துகொண்டே போனால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரல் மரத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம், குளிர் மட்டும் அல்ல.

இடுப்புப் பிடிப்பு வேறு விஷயம். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் கூடும். அதனால் ஆசனங்களை ஆறரைக்குத் தள்ளுங்கள். பிரம்ம முகூர்த்தம் போய்விடுமே என்றால், அந்த நேரத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தியானம் செய்யலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

சிமென்ட் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சும். யோகா மேட்டுக்கு அடியில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். நின்று செய்யும்போது காலுறை வழுக்கும், கழற்றிவிடுங்கள். நின்ற இடத்திலேயே 3 நிமிடம் நடந்து, தோளையும் கணுக்காலையும் சுழற்றுங்கள். அடுத்து, கையையும் முழங்காலையும் ஊன்றிப் பூனைபோல் முதுகை வளைத்து நிமிர்த்தும் மார்ஜரி ஆசனம் 8 முறை. பிறகு உத்கடாசனம்: பாதங்களுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி விட்டு, நாற்காலியில் உட்காரப்போவதுபோல் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி இறங்குங்கள். எடை குதிகாலில் இருக்கட்டும். 5 மூச்சு நின்று எழுந்திருங்கள். இப்படி 3 முறை. மூன்றாவது முறை தொடை லேசாக நடுங்கினால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். முழங்கால் வலித்தால் இன்னும் மேலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு காலை முன்னே வைத்து மடித்து நிற்கும் வீரபத்ராசனமும் பக்கத்துக்கு 5 மூச்சு.

இதற்குப் பிறகுதான் சூரிய நமஸ்காரம். முதல் 2 சுற்று முழங்காலை மடித்து, கையைத் தரைக்குக் கொண்டுபோகாமல் முழந்தாளோடு நிறுத்துங்கள். அடுத்த 6 சுற்றில் ஓர் அசைவுக்கு ஒரு மூச்சு.

நடுக்கம் வருவது வியர்வை காய்வதால். சவாசனத்துக்குப் படுக்கும் முன்பே ஈர பனியனை மாற்றி, ஸ்வெட்டரும் காலுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

மூச்சுப் பயிற்சி கடைசியில். இடது நாசியை மோதிர விரலால் மூடி, வலது நாசியில் 4 எண்ணிக்கைக்கு உள்ளிழுத்து, இடது வழியாக 6 எண்ணிக்கைக்கு விடும் சூரியபேதனம் 10 சுற்று போதும். யோக மரபு இதைச் சூடு தரும் வகையில் சேர்க்கிறது. கபாலபாதி வேண்டுமென்றால் 30 முறையாக 2 சுற்று, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், கண் நீர் அழுத்தம் (கிளாக்கோமா) இருந்தால் அது வேண்டாம். ஆஸ்துமாக்காரர்களுக்குக் குளிர்காற்றில் வேக மூச்சே ஆகாது. நாக்கைச் சுருட்டி மூச்சிழுத்து உடம்பைக் குளிர்விக்கும் சீதளியை ஏப்ரலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரி அடுப்புக்குப் பக்கத்தில் செய்யவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும், வாசனையும் கிடையாது. தலைவலியும் கிறுகிறுப்பும் வந்தால் பிராணாயாமத்தால் என்று நினைத்து உட்கார்ந்தே இருப்பீர்கள். அடுப்பை வெளியே வைத்து, கதவு ஜன்னலைத் திறந்து அறையில் நன்றாகக் காற்று புகுந்த பிறகே மேட்டை விரியுங்கள்.