காரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. தொடர்ந்து சார்ஜ் போடலாமா?

கேள்வி: காங்கயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். மூன்று மாதங்களுக்கு முன் மின்சாரக் கார் வாங்கினோம். கம்பெனி கொடுத்த சார்ஜரை வீட்டின் 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் சிவப்பு விளக்கு எரிந்து, ‘எர்த் இல்லை’ என்று நின்றுவிட்டது. உள்ளூர் ஒயர்மேன் பிளக் பெட்டிக்குள் சின்ன ஒயர் ஒன்றை மாட்டிவிட்டார். அன்றிலிருந்து சார்ஜ் ஏறுகிறது. ஆனால் போன வாரம் விடியற்காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மா ஈரக்கையோடு கார்க் கதவைத் தொட்டபோது சுரீரென்று அடித்திருக்கிறது. ‘பம்புசெட் சர்வீஸில் மாட்டிக்கொள்ளுங்கள்’ என்கிறார் ஒருவர். ‘காருக்கென்று தனி இணைப்பு வாங்கித் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்கிறார் இன்னொருவர். என்ன செய்வது ஐயா?

பதில்: முதலில் அந்தப் பிளக்கில் கார் மாட்டுவதை இன்றே நிறுத்துங்கள். மெயினை அணைத்துவிட்டு, அந்தச் சின்ன ஒயரை அதை மாட்டியவரையோ வேறு உரிமம் பெற்ற ஒயர்மேனையோ கொண்டு எடுத்துவிடுங்கள். நீங்களே கை வைக்க வேண்டாம். உங்கள் அம்மாவுக்கு அன்று ஒன்றும் ஆகாமல் போனது நியூட்ரல் கம்பி அறுபடாமல் இருந்ததால்தான்.

அவர் என்ன செய்திருக்கிறார் என்பதை நேரில் பார்க்காமலே சொல்ல முடியும். கோபியிலிருந்து உடுமலை வரை இந்த ஒயரை எத்தனையோ வீடுகளில் என் கையாலேயே கழற்றியிருக்கிறேன். பிளக் பெட்டியை முன்னாலிருந்து பார்த்தால் மேலே தடித்த துளைக்கு எர்த், நமக்கு வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல் இருக்க வேண்டும். எர்த் துளைக்கு வரவேண்டிய பச்சை ஒயர் வந்திருக்காது, அல்லது வந்தும் பயன் இருந்திருக்காது. ஒரு விரல் நீள ஒயரை வெட்டி, நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்குப் போட்டு முறுக்கியிருப்பார். சார்ஜருக்குள் இருக்கும் கருவி, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230 வோல்ட் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வேலையைத் தொடங்குகிறது. நியூட்ரலே எர்த் முனையில் வந்து நின்றால் அந்த 230 தெரிந்துவிடும். சிவப்பு விளக்கு பச்சையாகிவிடும். சார்ஜர் ஏமாந்துபோனதே தவிர, காரின் உடம்புக்கு எர்த் கிடைக்கவில்லை.

எர்த் முனையிலிருந்து வரும் கம்பி சார்ஜர் வழியாகக் காரின் இரும்பு உடம்போடு நேராக இணைந்திருக்கிறது. அங்கே நியூட்ரலைக் கொண்டுபோய்க் கட்டினால், உங்கள் காரின் கதவும் பானட்டும் நியூட்ரல் கம்பியின் ஒரு பகுதியாகிவிடுகின்றன. கம்பத்திலிருந்து சாளைக்கு வரும் சர்வீஸ் ஒயர் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்து, அதில் ஒரு ஓம் தடை இருக்கிறதென்று வையுங்கள். கார் 15 ஆம்பியர் இழுக்கும்போது 15 வோல்ட் நியூட்ரலில் நிற்கும். அதுவே காரின் உடம்பிலும் நிற்கும். லைனில் மற்றவர்களின் சுமையும் ஏறினால் அது இன்னும் கூடும். காய்ந்த தரையில் செருப்புக் காலோடு தொட்டால் தெரியாது. சாணம் தெளித்த வாசலில் வெறுங்காலோடு, ஈரக்கையோடு தொட்டால் தெரிந்துவிடும். அம்மாவுக்கு அடித்தது அதுவாகத்தான் இருக்கும்.

நியூட்ரல் அறுந்தால் நடப்பது வேறு. காற்றுக்குத் தென்னை மட்டை விழுந்து சர்வீஸ் ஒயரின் நியூட்ரல் அறுபடுவதும், மீட்டர் பெட்டியில் கட்டு எரிந்து விட்டுப்போவதும் நம் ஊர்களில் புதிதில்லை. அந்த நொடியில் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜ், ஃபேன் வழியாக வரும் பேஸ், திரும்பிப் போக வழி இல்லாமல் காரின் உடம்பில் வந்து நிற்கும். நான்கு டயர்களும் ரப்பர் என்பதால் அது தரைக்கு இறங்காது. யாராவது தொடும்வரை 230 வோல்ட்டோடு கார் வாசலில் அப்படியே நிற்கும். அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தானாக விழும் சுவிட்சான எம்சிபி இதற்கு விழாது. கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பை வெட்டி உயிர்காக்கும் ஆர்சிசிபி என்ற கருவி இருந்தாலும் அதை நம்ப முடியாது. எர்த்தையும் நியூட்ரலையும் ஒட்டினால் ஆர்சிசிபி அடிக்கடி விழும் என்பதால், இந்த வேலையைச் செய்கிறவர்களில் பலர் ‘அது தொந்தரவுங்க’ என்று சொல்லி அதையும் கழற்றிவிட்டுத்தான் போகிறார்கள். உங்கள் மீட்டர் பலகையில் டெஸ்ட் பட்டன் வைத்த பெட்டி ஒன்று முன்பு இருந்து இப்போது காணவில்லை என்றால், அதையும் சேர்த்து அவரிடம் கேளுங்கள்.

இதைக் கேட்டால் ஒயர்மேன் ஒரு பதில் வைத்திருப்பார்: “ட்ரான்ஸ்பார்மர்ல ரெண்டும் ஒண்ணாத்தானுங்க கட்டியிருக்குது, அதையே நாம இங்க கட்டறோமுங்க, அவ்வளவுதானுங்க.” இந்தப் பதில் பாதி உண்மை என்பதால்தான் ஆபத்தானது, அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது மின்சாரம் பிறக்கிற இடம். ட்ரான்ஸ்பார்மர் அடியில் நியூட்ரலை எர்த் குழிகளில் இறக்கியிருப்பார்கள். அங்கிருந்து புறப்பட்ட பிறகு இரண்டும் தனித்தனியாகத்தான் வரவேண்டும்; ஏனென்றால் நடுவழியில் அறுபடுவது நியூட்ரல், அப்போது நம்மைக் காப்பது நம் வீட்டு எர்த் குழி. இரண்டையும் வீட்டில் ஒட்டிவிட்டால் காப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. இந்த விதிக்கு விலக்கு ஒன்றும் இருக்கிறது. மின்வாரிய இணைப்போடு தொடர்பில்லாத சோலார் இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ வைத்து அதிலிருந்து கார் சார்ஜ் செய்கிறவர்களுக்கு, மின்சாரம் பிறக்கிற இடம் அந்தப் பெட்டியேதான். அதன் வெளியீட்டில் பேஸ், நியூட்ரல் என்ற இரண்டும் தரையோடு சம்பந்தமில்லாமல் அந்தரத்தில் நிற்பதால், எர்த் குழி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சார்ஜர் ‘எர்த் இல்லை’ என்றே சொல்லும். அங்கே மட்டும், இன்வெர்ட்டரின் வாயிலில், ஒரே ஒரு இடத்தில், நல்ல எர்த் குழியோடு சேர்த்து நியூட்ரலை இணைப்பது முறையான வேலை. அதற்குப் பிறகு ஆர்சிசிபி வரவேண்டும். வாரியக் கரண்டுக்கும் சோலாருக்கும் மாற்றும் சுவிட்ச், பேஸை மட்டும் மாற்றாமல் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் வகையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோலாருக்காகப் போட்ட இணைப்பு வாரியக் கரண்டு ஓடும்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கும். உங்கள் கடிதத்தில் சோலார் இல்லை. எனவே இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. இதைக் காட்டி யாராவது அந்த ஒயரை நியாயப்படுத்தினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது உண்மையான எர்த். நம் பகுதியின் மண்தான் இதில் முதல் சிக்கல். காங்கயம், தாராபுரம் பக்கம் இரண்டு அடி தோண்டினால் சுக்கான்கல், அதற்குக் கீழே பாறை, மழையும் குறைவு. ஈரம் இல்லாத மண்ணில் கரண்ட் இறங்காது. பழைய வீடுகளில் இன்னொன்றும் நடந்திருக்கிறது: அந்தக் காலத்தில் இரும்புத் தண்ணீர்க் குழாயில் எர்த் கம்பியைச் சுற்றியிருப்பார்கள்; பின்னால் குழாயை பிவிசியாக மாற்றியபோது எர்த் போனது யாருக்கும் தெரியவில்லை. அவிநாசிப் பக்கம் ஒரு வீட்டில் கொல்லைப்புறத்து எர்த் குழியைக் காட்டச் சொன்னேன். சிமெண்ட் மூடியை நகர்த்தினால் உள்ளே எறும்புப் புற்றும், துருப்பிடித்து மெலிந்த குழாயும் இருந்தன. அதில் கட்டியிருந்த கம்பி, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அந்த வீட்டில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் பல வருடங்களாக எர்த் இல்லாமல்தான் ஓடியிருக்கின்றன. புதிதாக வந்த கார்ச் சார்ஜர்தான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னது. அதனால் சிவப்பு விளக்கு எரிந்தால் சார்ஜர் மேல் கோபப்படாதீர்கள்.

குழாய் எர்த்துக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 3043 சொல்வது, குறைந்தது இரண்டரை மீட்டர் நீளமுள்ள குழாய். பாறை தட்டுகிறது என்று குழாயை ஒரு மீட்டரில் அறுத்துப் புதைத்துவிட்டு முழுக் கூலி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்; குழாய் இறங்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஆழம் போகாத இடத்தில் இரண்டு மூன்று குழிகளை, குழாயின் நீளத்தைப் போல் இருமடங்கு தள்ளித்தள்ளி எடுத்து, எல்லாவற்றையும் இணைக்கலாம். தென்னைக்குத் தண்ணீர் பாயும் வாய்க்கால் ஓரமாக அமைந்தால் மிகவும் நல்லது. ‘கெமிக்கல் எர்த், 25 வருடம் கேரண்டி’ என்று பளபளக்கும் குழாயை விற்பவர்களைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. பொருள் நல்லதாகவும் இருக்கலாம், ஆனால் அளந்து காட்டாத எர்த் புதைத்த இரும்பு மட்டுமே. பல்பை மாட்டி எரியவைத்துக் காட்டி, “பாருங்க, ஜம்முனு எரியுதுங்க” என்று சொல்வதும் சோதனை ஆகாது. 100 வாட் குண்டு பல்பு அரை ஆம்பியர்கூட இழுக்காது. எர்த்தின் தடை 60 ஓம் இருந்தாலும் அது எரியும், கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே 60 ஓம் எர்த்தில் நிஜமாகக் கோளாறு வந்தால் நான்கு ஆம்பியருக்கும் குறைவாகத்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபி அசையவே அசையாது. ஆகவே எர்த் டெஸ்டர் என்ற கருவி வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். எண் 5 ஓமுக்குள் வரவேண்டும். அதுவும் ஐப்பசி மழையில் அளந்த எண்ணை நம்பாதீர்கள். சித்திரையில் அளக்க வேண்டும்.

எர்த் நன்றாக அமைந்தாலும் காருக்கான லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, ‘ஏ’ வகை என்று கேட்டு வாங்கி, தனியாகப் போடுங்கள். மீட்டர் பலகையிலிருந்து காருக்கு மட்டும் தனி ஒயர், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு, வரட்டும். கார் எட்டு மணி நேரம் விடாமல் 15 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸிக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் போட்ட ஒயர் அதைத் தாங்காது. எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அந்தப் பிளக் பெட்டியை மாற்றுங்கள்.

பம்புசெட் சர்வீஸ் யோசனையை அடியோடு மறந்துவிடுங்கள். விவசாயத்துக்கென்று இலவசமாகக் கொடுத்த மின்சாரத்தில் கார் ஓட்டினால், மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவின்படி அது அங்கீகாரம் இல்லாத பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல் இருமடங்கு போடுவார்கள். பல்லடம், சோமனூர்ப் பக்கத்தில் தறி சர்வீஸில் மாட்டுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

தனி இணைப்பு வாங்கித் தருவதாக முன்பணம் கேட்பவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் இணைப்பிலேயே சொந்தக் காரைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் இணைப்பு ஒற்றை பேஸாக இருந்தால் பொதுவாக 4 கிலோவாட் வரைதான் அனுமதி. கார் மட்டுமே 3.3 கிலோவாட் எடுக்கும். எனவே மின்சுமையை உயர்த்தித் தரும்படி மின்வாரிய இணையதளத்தில் நீங்களே விண்ணப்பித்து, கட்டணத்தையும் அங்கேயே கட்டிவிடலாம். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதியின் விலையும் ஏறும். முதல் பில்லைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம்.

இவ்வளவையும் கார் விற்றவர்கள் சாவியைக் கொடுக்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும். வீட்டைப் பார்வையிட வருவதாகச் சொல்லிவிட்டு, பிளக் பெட்டியின் போட்டோவை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு சரி என்று எழுதிவிடுகிறார்கள். மீட்டருக்கு இந்தப் பக்கம் எங்கள் வேலை இல்லை என்கிறது வாரியம். சார்ஜருக்கு அந்தப் பக்கம் எங்கள் வேலை இல்லை என்கிறது கம்பெனி. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சில அடி ஒயரில்தான் உயிர் இருக்கிறது. அதைச் சோதிப்பதற்கு யாரையும் பொறுப்பாக்காமல் இத்தனை கார்களை விற்க விட்டிருப்பது எனக்கு ஆறாத வருத்தம்.

எர்த் வேலை முடியும்வரை வெளியிலிருக்கும் பொதுச் சார்ஜரில் போட்டுக்கொள்ளுங்கள். சில நாள் அலைச்சல்தான். குழி எடுத்து, அளந்து முடிந்ததும், ஓம் எண்ணையும் தேதியையும் ஒயர்மேன் கையாலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். வரும் சித்திரையில் திரும்ப அளக்கச் சொல்லி, அந்த எண்ணை அதற்குக் கீழேயே எழுத வையுங்கள்.