டீ போடப் போகும் ஃபைட்டர்

கேள்வி: சனிக்கிழமை இரவுகளில் வீட்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஆடுகிறோம், 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. நான்தான் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்), கதையை நடத்துகிறவன். மனைவி மந்திரம் போடும் விஸார்ட், எங்களோடு தங்கியிருக்கும் என் தம்பி வாள் பிடிக்கும் ஃபைட்டர், கூட இரண்டு நண்பர்கள். 5ஆம் லெவல் வந்ததிலிருந்து ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்திலேயே சண்டை முடிந்துவிடுகிறது. ஓர் இரவுக்கு ஒரு சண்டைதான் வைக்க முடிகிறது, அதற்கப்புறம் எல்லோரும் லாங் ரெஸ்ட், அதாவது செலவான சக்திகளை மீட்கும் நீண்ட ஓய்வு. தம்பி தங்கமான பையன், குறையே சொல்வதில்லை. சண்டை நடக்கும்போது எழுந்துபோய் எல்லோருக்கும் டீ போட்டு வருவான். கிளாஸ்களை (விஸார்ட், ஃபைட்டர் போன்ற பாத்திர வகைகளை) சமன்படுத்த 11 பக்கம் சொந்த விதிகள் எழுதியிருக்கிறேன். ஃபயர்பாலின் சேதத்துக்கு உருட்டும் பகடைகளை 8இலிருந்து 5 ஆகக் குறைக்கலாமா?

பதில்: அந்த 11 பக்கத்தை ஓரமாக வையுங்கள். டீ விஷயத்துக்கு வருகிறேன்.

சண்டை சூடு பிடிக்கும் நேரத்தில் அவனுக்கு ஏன் டீ ஞாபகம் வருகிறது? தன் முறை வருவதற்குள் பால் பொங்கி இறங்கிவிடும் என்று தெரியும். திரும்பி வந்தால் அடிக்க ஆள் மிச்சம் இருக்காது என்பதும் தெரியும். அண்ணன் வீட்டில் தங்கியிருக்கும் பையன், அண்ணி ஜெயித்துக்கொண்டிருக்கும் ஆட்டத்தில், "எனக்கு இங்கே வேலையில்லை" என்று வாய்விட்டுச் சொல்வானா? அடுப்படிக்குப் போய்விடுவான். அதைத் தங்கமான குணம் என்று எழுதி அனுப்பியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். மூத்தவனுக்குத் தம்பி கேட்டுத்தான் தெரிய வேண்டுமா? பந்தியில் பரிமாறுகிறவன் கடைசி இலையில் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். டிஎம்மும் பரிமாறுகிறவன்தான்.

உங்கள் மனைவி மேல் தப்பில்லை. 5ஆம் லெவல் விஸார்டுக்கு மூன்றாம் நிலை ஸ்லாட், அதாவது ஃபயர்பால் அளவு மந்திரம் போடும் வாய்ப்பு, நாளுக்கு 2. ஓய்வில் ஒரு ஸ்லாட்டை மீட்டுத்தரும் ஆர்கேன் ரிகவரியையும் சேர்த்தால் 3 ஃபயர்பால். அதை வைத்து நாள் முழுக்க ஓட்ட வேண்டும் என்பதுதான் கணக்கு. டிஎம்முக்கான 2014 கையேடு, கதையில் வரும் ஒரு நாளுக்கு 6 முதல் 8 சண்டைகளும், நடுவே 2 ஷார்ட் ரெஸ்ட்டும் (சின்ன ஓய்வு) என்று வைத்துப் பேசுகிறது. நீங்கள் 1 சண்டையோடு பாய் விரிக்கிறீர்கள். தினமும் சம்பள நாள் என்றால் யார் சிக்கனம் பார்ப்பார்கள்?

ஃபைட்டருக்கு வாள் தீராது. ஆக்‌ஷன் சர்ஜும் செகண்ட் விண்டும், அவனுடைய அந்த இரண்டு சிறப்புத் திறன்களும், ஒரு மணி நேர ஷார்ட் ரெஸ்ட்டிலேயே திரும்பி வந்துவிடும். ஐந்தாவது சண்டையில் விஸார்டின் கை காலியாக இருக்கும்போது முன்னால் நிற்கப்போவது அவன்தான். உங்கள் மேசைக்கு அந்த ஐந்தாவது சண்டை வந்ததே இல்லை.

ஃபயர்பாலைக் குறைத்தால் மனைவிக்கு மனக்கசப்பு, தம்பிக்கு அப்போதும் டீதான். 2008இல் நான்காம் பதிப்பு எல்லா கிளாஸுக்கும் ஒரே அச்சில் சக்திகளைப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தது. கணக்கு ஓரளவு சமமாகத்தான் வந்தது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று நிறையப் பேர் முகம் சுளித்தார்கள்.

கதையின் ஒரு நாள் ஒரே சனிக்கிழமையில் முடிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மூன்று சனிக்கிழமைக்கு இழுங்கள். செலவான ஸ்லாட்டுகளைத் தாளில் குறித்துவைத்து அடுத்த வாரம் அதிலிருந்தே தொடங்குங்கள். 24 மணி நேரத்தில் ஒரு லாங் ரெஸ்ட்டுக்குத்தான் பலன் என்று விதியிலேயே இருக்கிறது, அதைக் கறாராகப் பிடியுங்கள். அப்புறம், எதிரிகளை ஃபயர்பால் வெடிக்கும் 20 அடி ஆரத்துக்குள் குவித்து நிறுத்துவது யார்? நீங்கள்தானே! குறுகிய பாதையில் ஒவ்வொருவராக வரட்டும். நடுவில் பிணைக்கைதிகள் இரண்டு பேர் இருக்கட்டும், நெருப்பை வீச யோசிப்பார்கள்.

அடுத்த சனிக்கிழமை டீ உங்கள் பொறுப்பு. ஆட்டம் தொடங்கும் முன்பே போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றி, தம்பி கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள்.