பெட்டி இருக்க, கோழி ஏன் விறகுக்குப் பின்னால் போகிறது?

கேள்வி: எட்டு பெட்டைக்கோழிகளைத் திறந்துவிட்டு வளர்க்கிறோம். முட்டையிட மரப்பெட்டிகள் செய்து வைத்தும் அதில் ஒன்றிரண்டுதான் கிடைக்கிறது. நேற்று விறகு அடுக்குக்குப் பின்னால் 13 முட்டைகள் குவியலாகக் கிடந்தன. பெட்டியில் என்ன குறை? அந்த முட்டைகளைச் சாப்பிடலாமா?

பதில்: முதலில், கோழிகள் மேல் கோபப்படாதீர்கள். நம் வளர்ப்புக் கோழிகளுக்கு மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி, தரையில், அடர்ந்த செடி மறைவில் சின்னதாகக் குழி பறித்துத்தான் முட்டையிடும். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை.

ஒரு காலைப்பொழுது ஒரே ஒரு கோழியை மட்டும் கவனித்துப் பாருங்கள். முட்டையிட ஒன்றிரண்டு மணி நேரம் இருக்கும்போதே மேய்ச்சலை விட்டுவிடும், கூட்டத்தை விட்டுப் பிரிந்து நடக்கும், கழுத்தை நீட்டி ஒவ்வொரு இடுக்கிலும் எட்டிப் பார்க்கும், இழுத்து இழுத்து ஒரு முனகல் வேறு. ஓர் இடத்துக்குள் நுழையும், பிடிக்காமல் வெளியே வரும், சுற்றிவிட்டு அதே இடத்துக்கே திரும்பிப் போகும். பிடித்துவிட்டது என்றால் மார்பைத் தரையில் அழுத்தி, காலால் பின்பக்கம் கிளறி, வட்டமாகத் திரும்பித் திரும்பிக் கிண்ணம் போல் ஒரு பள்ளம் செய்துகொள்ளும். அப்புறம் அலகால் துரும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து முதுகின் மேல் போட்டுக்கொள்ளும்.

அது தேடுவது மூன்றுதான்: மங்கலான வெளிச்சம், முதுகுக்கும் தலைக்கும் மறைப்பு, கிளறினால் குழியாகிற மெத்தென்ற தரை. உங்கள் விறகு அடுக்கில் இந்த மூன்றும் இருக்கிறது. பெட்டியில் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வாய்ப்பக்கம் வெயிலைப் பார்த்திருந்தால் சுவர்ப்பக்கம் திருப்புங்கள், இல்லையென்றால் ஒரு சாக்குத்துணியைப் பாதி மறைக்கும்படி தொங்கவிடுங்கள். நீளம், அகலம், உயரம் எல்லாம் 30 செ.மீ. இருந்தால் சாதாரண அளவுக் கோழிக்குப் போதும், அதைவிடப் பெரிதாக வேண்டாம். வெறும் பலகைமேல் நாலு வைக்கோல் தூவினால் போதாது, கிளறினாலும் பலகை தெரியாத அளவுக்குப் போடுங்கள். அடையும் கம்பு பெட்டியைவிட உயரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் இரவில் பெட்டியிலேயே படுத்து எச்சமிட்டு நாசமாக்கிவிடும். இத்தனையும் சரியாக இருந்தும் நன்றாகப் போய்க்கொண்டிருந்த கோழி திடீரென்று பெட்டியை வெறுத்தால், பலகை இடுக்குகளில் செம்பேன் இருக்கிறதா என்று இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். பகலில் ஒளிந்திருந்து இரவில் ரத்தம் குடிக்கிற பூச்சி அது.

இன்னொன்று, முட்டை இருக்கும் இடத்தில்தான் முட்டையிடப் பிடிக்கும். அதனால் பெட்டிக்குள் ஒரு போலி முட்டை வையுங்கள், மரத்தில் செய்ததோ பீங்கானோ போதும். விறகு இடுக்கை அடைத்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு, காலை 10, 11 மணி வரை தீனியும் தண்ணீரும் உள்ளேயே வைத்து, அதற்குப் பிறகு திறந்துவிடுங்கள். பெரும்பாலான முட்டைகள் காலையில்தான் வரும். ஆனால் ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆவதால், ஒவ்வொரு கோழிக்கும் நேரம் நாளுக்கு நாள் கொஞ்சம் தள்ளிப்போய், பிறகு ஒரு நாள் இடாமல் விட்டு மறுபடி காலையில் தொடங்கும். மத்தியானம் ஒன்று வெளியே இட்டுவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள்.

சரி, அந்த 13 முட்டைகள். ஒரே கோழி இட்டிருந்தால் குறைந்தது இரண்டு வாரக் கணக்கு, மூன்று கோழிகள் சேர்ந்து இட்டிருந்தால் ஐந்தாறு நாள்கூட இருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது. விரிசல் விட்டதையும் அழுக்கானதையும் ஒதுக்குங்கள். மற்றவற்றைத் தண்ணீரில் போடுங்கள்: படுத்துக் கிடந்தால் புதிது, நட்டமாக நின்றால் நாள்பட்டது, மிதந்தால் வேண்டாம். இது வயதைத்தான் காட்டும். சேவலும் உண்டு, ஏதோ ஒரு கோழி மேலே படுத்துச் சூடேற்றியும் இருக்கிறது என்றால், உள்ளே கரு வளரத் தொடங்கியிருக்கலாம். இருட்டில் டார்ச் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சிவப்பு நரம்புகள் தெரியும். எப்படியும் ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டு நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

கேள்வி: நான்கு பெட்டி இருந்தும் எல்லாம் ஒரே பெட்டிக்கே சண்டை போடுகின்றனவே?

பதில்: போடட்டும். நான்கைந்து கோழிக்கு ஒரு பெட்டி என்பதே போதுமான கணக்கு. காலியாக இருக்கும் பெட்டிகளிலும் ஒரு போலி முட்டை வைத்துப் பாருங்கள். நெரிசலில் முட்டை உடையாமல் இருக்க, அந்தப் பெட்டியில் மட்டும் காலையில் இரண்டு முறை எடுத்துவிடுங்கள். உடைந்த முட்டையை ஒருமுறை ருசி பார்த்துவிட்டால், பிறகு அதுவே கொத்தி உடைக்க ஆரம்பித்துவிடும்.